எத்தனை ஆங்கிலம் தெரியும்? ஒரு கடற்கரையின் தேர்வு வரலாறு

முத்துக்குளித்துறையில் முத்தைத் தரம் பிரிப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. சிப்பியிலிருந்து கழுவியெடுத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பார்கள். முதற்சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000. அளவு இவ்வாறு தெரிந்தபின் உருட்சியையும் ஒளியையும் நோக்கி வகை சொல்வார்கள். இரண்டும் குறைவற நிறைந்தது ஆணி. அதற்கடுத்துப் பல பெயர்கள் வரிசையாக வரும். கடைசியில் எஞ்சுவது தூள். தூளுக்கும் விலை உண்டு. எதையும் முத்தே அல்லவென்று மணலில் வீசிவிடுவதில்லை.

இதே கரையில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இன்னொன்றையும் சலித்து வந்திருக்கிறார்கள். அது, பள்ளிச் சிறுவர் சிறுமியர் கற்ற ஆங்கிலம். முத்துக்குக் கிடைத்த சல்லடைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தேறினான், தேறவில்லை என்ற இரண்டே குழிகள் கொண்ட ஒரு தட்டுத்தான் பெரும்பாலும் கிடைத்தது. இது ஏன் இப்படி ஆயிற்று என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்வி வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் மொழிக்கொள்கையைப் பற்றியும் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் முதற்படியில் நிற்கும் பிள்ளையை எப்படி அளந்தார்கள் என்ற சிறிய கேள்வி அவற்றினிடையே மறைந்துபோகிறது. ஆனால் ஒரு தலைமுறையின் வாழ்வை அடிக்கடி தீர்மானித்தது அந்தச் சிறிய கேள்விதான்.

நாம் பேச எடுத்துக்கொள்ளும் நிலப்பரப்பு உடன்குடியைச் சுற்றியது. திருச்செந்தூருக்குத் தெற்கே, பனங்கருப்பட்டிக்குப் பெயர்போன ஊர் உடன்குடி. கடற்பக்கமாகக் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் இருக்கின்றன. உள்பக்கமாகக் கிறிஸ்தியாநகரமும் மெஞ்ஞானபுரமும், சற்று வடக்கே போனால் நாசரேத்தும், தூத்துக்குடியை நெருங்கும்போது சாயர்புரமும் வருகின்றன. தேரிமணலும் பனையும் சூழ்ந்த இந்தச் சிறு வட்டத்துக்குள் பள்ளிக்கூடங்கள் அடர்ந்திருந்த அளவுக்குத் தென்னாட்டின் கிராமப்புறங்களில் வேறெங்கும் எளிதில் காணமுடியாது.

*

ஆங்கிலம் வருவதற்கு முன்பே இங்கே தேர்வு இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பித்தல் என்பதே அது. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழில் பெயர்த்த மந்திரங்களைச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்து, அவர்களைக் கொண்டே வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பித்ததைத் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஒப்பிக்கும் பிள்ளைக்கு அடுத்த பாடம், ஒப்பிக்காத பிள்ளைக்கு அதே பாடம் மறுபடியும் என்பதே திண்ணையின் சட்டம். அடியும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. ஆனால் பிள்ளையை ஒரேயடியாக வெளியேற்றும் நாள் என்று ஒன்று இல்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கெடுப்பின்படி 1826இல் மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. அவற்றில் பயின்றவர் 1,88,650 பேர். மாகாணம் முழுவதையும் தழுவிய பொதுத்தேர்வு ஒன்றுகூட இல்லாமலேயே அத்தனை பேரும் படித்துக்கொண்டிருந்தனர்.

ஆங்கிலப் பள்ளி தென்கோடியை எட்டியது அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு. தஞ்சைப் பாதிரியார் சுவார்ட்ஸ் முயற்சியாலும் கும்பினி அதிகாரி ஜான் சல்லிவன் ஆதரவாலும் 1785ஐ ஒட்டித் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்றிடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. அவை அரண்மனையைச் சூழ்ந்திருந்தோருக்கான பள்ளிகள். பனையேறியின் மகன் ஆங்கிலம் கற்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

அந்தத் திருப்பம் சாயர்புரத்தில் நிகழ்ந்தது. 1842இல் அங்கு வந்த ஜி. யு. போப் நிறுவிய செமினரியில் ஆங்கிலத்தோடு இலத்தீன், கிரேக்கம் முதலியனவும் கற்பிக்கப்பட்டன. பின்னாளில் 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவதே செமினரியின் குறிக்கோள். ஆனால் கல்வி, கொடுத்தவர் வகுத்த எல்லைக்குள் நிற்பதில்லை. சாயர்புரத்தில் பயின்ற அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, சாணார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலைக் கடுமையாக எதிர்த்தார். ஐரோப்பிய மிஷனரிகளின் தலைமையை உதறி, 1857இல் நாசரேத் வட்டாரத்தில் தனிச்சபை கண்டார். எந்தப் பரிசோதகரும் மதிப்பெண் இட்டிருக்கமுடியாத கல்விப் பயன் இது. பரிசோதகர்கள் அளக்க வந்தது வேறொன்றை.

*

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழிகோலியது. மானியம் என்றால் கணக்கு வேண்டும். கணக்கு என்றால் அளவுகோல் வேண்டும். இங்கிலாந்தில் இராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் அந்த அளவுகோலைத் தந்தது. பிள்ளை தேறினால் பள்ளிக்குப் பணம், தேறாவிட்டால் பணம் இல்லை. ‘விளைவுக்கேற்ற ஊதியம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதே பத்தாண்டுக்குள் சென்னை மாகாணமும் இம்முறையைத் தழுவியது. பிற மாகாணங்களைக் காட்டிலும் விரிவாகவே தழுவியது எனலாம்.

இது எவ்வாறு இயங்கியது என்பதைப் பார்ப்போம். ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டரோ அவருடைய உதவியாளரோ பள்ளிக்கு வருவார். வகுப்புக்கு வகுப்பு ‘தரம்’ வகுக்கப்பட்டிருக்கும். வாசித்தல், எழுதுதல், கணக்கு என்று தலைப்புகள் இருக்கும். மேல்தரங்களில் ஆங்கிலமும் ஒரு தலைப்பு. ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு தலைப்பிலும் சோதித்து, தேறிய தலைப்புக்கு இத்தனை அணா, இத்தனை ரூபாய் என்று கூட்டிப் பள்ளியின் மானியத்தை முடிவுசெய்வார்கள். ஆசிரியரின் சம்பளம் பெரிதும் அந்தத் தொகையைச் சார்ந்திருந்தது. தேரிக்காட்டின் ஒரு மிஷன் பள்ளியில் எட்டோ பத்தோ வயதுப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்தால் வாத்தியார் வீட்டில் அரிசி வேகும். தடுமாறினால் அதற்கும் கேடு.

ஆகவே வாத்தியார் என்ன செய்வார்? புத்தகத்தை மனப்பாடம் செய்விப்பார். இங்கிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராகப் பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறையின் தொடக்கத்திலிருந்தே அதன் கடும் எதிர்ப்பாளர். எழுத்தறிவே உண்மையில் வாராத பிள்ளையையும் தகுந்த தயாரிப்பின் மூலம் வாசிப்புத் தேர்வில் தேறவைத்துவிடலாம் என்பதைத் தம் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைக்கு இதுதான் கதி என்றால், பனந்தோப்பில் வளர்ந்து பள்ளியில் மட்டுமே ஆங்கில ஒலியைக் கேட்ட பிள்ளையின் நிலையை விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒப்பித்தலில் ஊறிய கரையில் மனப்பாடத்துக்கு இப்போது விலையும் வைத்தாயிற்று.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வு இந்நாட்டில் பிறந்தபோதே அது பிள்ளையை முன்னிட்டுப் பிறக்கவில்லை. பிள்ளையின் வாய், அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான வரவுசெலவுக் கணக்கின் ஒரு வரியாக இருந்தது. ‘உனக்கு இவ்வளவு வருகிறது, இனி இதைப் படி’ என்று அந்தத் தேர்வு பிள்ளையிடம் எதுவும் சொல்லவில்லை. 1904இல் கர்சன் அரசு வெளியிட்ட கல்வித் தீர்மானம் இம்முறையைக் கண்டித்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணமும் அதைக் கைவிட்டது. ஆனால் பழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை.

*

இதற்கு இணையாக மேலிருந்து இன்னொரு தேர்வு வளர்ந்துவந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வு நடந்தது. எழுதியவர் 41 பேர், தேறியவர் 36 பேர். அப்பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். கரோல் விசுவநாதபிள்ளை ஒருவர். பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் முன்னோடி ஒருவர் ஆங்கிலத் தேர்வின் வாசலைக் கடந்து வந்தவர் என்பது மறக்கத்தக்கதன்று.

மெட்ரிகுலேஷன் தொடக்கநிலைத் தேர்வு அல்ல. கல்லூரிக்குள் நுழைய விரும்புவோருக்கு வைத்த தேர்வு. ஆனால் அரசுப் பணிக்கும் அலுவலகக் குமாஸ்தா வேலைக்கும் அதுவே அளவுகோலானபோது, கீழுள்ள வகுப்புகளெல்லாம் அதற்கான ஓட்டப்பாதையாகிவிட்டன. இக்கரையில் அந்த ஓட்டத்துக்குத் தனிக் காரணங்களும் இருந்தன. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. தனுஷ்கோடி வழி 1914இல் திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போவோர் தூத்துக்குடி வந்துதான் கப்பலேறினார்கள். துறைமுகம், சுங்கம், பருத்தி அழுத்தும் ஆலைகள், இலங்கையின் கடைகள், தோட்டங்கள் என எல்லா இடத்திலும் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது. கொஞ்சம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். மூட்டையின் மேல் எழுதியிருப்பதை வாசிக்க, தந்தியின் பொருளறிய, சரக்குச் சீட்டை நிரப்ப எவ்வளவு ஆங்கிலம் வேண்டுமோ அவ்வளவு. அந்தக் கொஞ்சத்துக்குச் சான்று எங்கே? கீழ்நிலைத் தேர்வுகள் சில அவ்வப்போது இருந்தன. காலம் செல்லச்செல்ல மதிப்பு முழுவதும் உச்சித் தேர்வில் குவிந்தது. ‘மெட்ரிகுலேஷன் ஃபெயில்’, ‘எஃப்.ஏ. ஃபெயில்’ என்பவற்றையே தகுதியாகச் சொல்லிக்கொள்ளும் வேடிக்கை இப்படித்தான் பிறந்தது. அதில் ஒரு நியாயமும் இருந்தது. தேறாதவனுக்கும் ஏதோ தெரியும் அல்லவா? அதைச் சொல்ல வேறு சொல் இல்லாதபோது தோல்வியின் பெயரையே பட்டமாக்கிக்கொண்டான்.

சாயர்புரம் செமினரி கல்லூரியாக வளர்ந்து, 1883இல் கால்டுவெல்லுடன் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரி நிலைக்கவில்லை, பள்ளி நிலைத்தது. ஓட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியின் சேவியர் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தவர். அங்கே பெற்ற ஆங்கிலத்தைக் கொண்டு அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்தினார். பின்பு ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். ஒரு மொழியறிவு எங்கெங்கே பயன்படும் என்பதை எந்த வினாத்தாளும் முன்கூட்டிக் கேட்டதில்லை.

தேர்வின் இரு முகங்களையும் ஒரே வாழ்வில் காட்டுபவர் கணிதமேதை இராமானுஜன். 1897 நவம்பரில், பத்து வயது நிறைவதற்கு முன்பே, கும்பகோணத்தில் ஆரம்பநிலைத் தேர்வெழுதினார். ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகியவற்றில் அவர் பெற்ற மதிப்பெண்கள் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றன. அடுத்த பள்ளிக்கு அவரை ஏற்றிவிட்ட படி அது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபின் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. ஒரு மொழியில் அவர் எங்கே நிற்கிறார் என்று முதல் தேர்வு சொன்னது. இரண்டாவது தேர்வு அவரை வெளியே நிறுத்தியது. 1913 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

*

இந்த முரணை அன்றைய கல்வித்துறையினர் உணராமலில்லை. மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தின் மூல வடிவம் வியப்பளிப்பது. அதில் ‘பாஸ்’ என்றும் ‘ஃபெயில்’ என்றும் இல்லை. பள்ளியில் ஆண்டு முழுதும் பெற்ற மதிப்பெண்களும் பொதுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்களும் ஒரு புத்தகத்தில் பதிவாகும். பள்ளிப்படிப்பு முடித்ததற்கு அதுவே சான்று. வேலை தருபவர் புத்தகத்தைப் பார்த்துத் தமக்கு வேண்டியது இருக்கிறதா என்று முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் முப்பதும் கணக்கில் எண்பதும் வாங்கியவனுக்கு அந்த இரண்டு எண்களும் கையில் இருக்கும். முத்துக்குளித்துறையின் சல்லடை முறைக்கு நம் தேர்வு வரலாற்றில் மிக அருகே வந்த தருணம் இது என்று தோன்றுகிறது.

ஆனால் கல்லூரியில் சேரத் தகுதியுடையோர் யார் என்று ஒரு பட்டியல் தனியே வெளியிடப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற்றவர் ‘எலிஜிபிள்’. பழைய தலைமுறையினரின் தன்வரலாறுகளைப் படிக்கும் வாசகர்கள் ‘எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிள் ஆனேன்’ என்ற தொடரைச் சந்தித்திருப்பார்கள். வெகுவிரைவில் ஊரின் கண்ணில் எலிஜிபிள் என்பதே பாஸ் ஆயிற்று. மற்றதெல்லாம் ஃபெயில் ஆயிற்று. படியாகக் கட்டியதை மக்களும் அலுவலகங்களும் சேர்ந்து வாசலாக மாற்றிக்கொண்டார்கள். சீர்திருத்தம் காகிதத்தில் சரியாகவே இருந்தது. பசி மிகுந்த ஒரு சமூகத்தில், பத்துப் பேர் ஒரு வேலைக்கு நிற்கும்போது, வேலை தருபவனுக்கு நுண்ணிய சல்லடை தேவைப்படவில்லை. ஒன்பது பேரைத் திருப்பியனுப்ப ஒரு கோடு போதுமாயிருந்தது.

*

விடுதலைக்குப் பின் ஆங்கிலத்தின் இடம் மாறியது. பாடமொழி தமிழாயிற்று, ஆங்கிலம் ஒரு பாடமாயிற்று. எனவே ‘தொடக்கநிலை ஆங்கிலம்’ என்பதைத் தனியே சிந்திக்க வேண்டிய நிலை முதன்முறையாக வந்தது. 1952இல் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய புதிய பாடத்திட்டத்தை ஏற்றது. இந்தியாவில் இதுவே முதல் முயற்சி. அதைக் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டுமே. பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு 1950களின் இறுதியில் ஒரு பெரும் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிலரைப் பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டு பலரை, அப்பலரைக் கொண்டு இன்னும் பலரை எனத் தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை எட்டுவது அதன் இலக்கு. ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. பனியையே காணாத நாட்டில் இப்படியொரு பெயர். உருளும் பனிப்பந்து பெருத்துக்கொண்டே போகும். இங்கேயோ ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகப்போகப் பயிற்சி மெலிந்தது. வரிசை வகுத்த பாடம் வகுப்பறையைச் சென்றடைந்தது. அந்த வரிசையில் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான் என்று காட்டும் தேர்வு சென்றடையவில்லை. ஆண்டிறுதியில் அதே பழைய வினாத்தாள் காத்திருந்தது.

இத்தொடர்பில் பின்னாளைய முயற்சி ஒன்றையும் குறிப்பிடவேண்டும். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய ‘பெங்களூர்த் திட்டம்’ அது. பெங்களூரில் மட்டுமன்றிச் சென்னை, கடலூர்ப் பள்ளி வகுப்புகளிலும் நடந்தது. இலக்கணத்தை முன்னிறுத்தாமல், கால அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது, வரைபடத்தில் வழி காண்பது போன்ற சிறு செயல்களின் வழியாக ஆங்கிலம் கற்பித்தார்கள். முடிவில் பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் இப்பிள்ளைகளையும் வழக்கமான முறையில் பயின்ற பிள்ளைகளையும் சோதித்து 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். செயல்வழித் தேர்வில் இவர்கள் முன்னின்றனர். வாக்கிய அமைப்புத் தேர்வில் அவர்கள் முன்னின்றனர். இருசாராருக்கும் பொதுவான தேர்வுகளின் முடிவு புதிய முறைக்கு ஓரளவு ஆதரவாக இருந்தது. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் எளியது. தேர்வு எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டெடுக்கும். தோல்வியைத் தேடும் தேர்வு தோல்வியைக் கண்டெடுக்கும்.

*

வேறு நாடொன்றில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயனுடையது. ஜப்பானில் 1963இல் தொடங்கிய ‘எய்கென்’ என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வு பல படிகளைக் கொண்டது. ஆகக் கீழுள்ளது ஐந்தாம் படி. மேலே ஏற ஏற எண் குறைந்து முதற்படி உச்சியாகும். ஐந்தாம் படி, நடுநிலைப் பள்ளியின் முதலாண்டு மாணவனுக்கு, அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்றது. வாசிப்பில் 25 வினாக்கள். காதால் கேட்டு விடையளிப்பதில் 25 வினாக்கள். நடுநிலைப் பள்ளி முடிக்கும் நிலைக்கு மூன்றாம் படி. அதில் நேர்முகப் பேச்சும் உண்டு. 2016 முதல் கீழ்ப்படிகளிலும் பேச்சுத் தேர்வை விரும்புவோர் எழுதலாம். அதில் தவறினாலும் படி தவறாது.

ஜப்பானியக் கல்வியைப் புகழ்வது நம் நோக்கமன்று. நுழைவுத் தேர்வு நெருக்கடி அங்கும் உண்டு. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் எய்கென் சான்றிதழுக்குச் சலுகை கிடைப்பதால் இந்த ஏணியும் சில இடங்களில் வாசலாகிவிடுகிறது. அங்கும் ஒவ்வொரு படியிலும் தேறலாம், தவறலாம். வேறுபாடு ஒன்றுதான். மிகக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கும் அந்தக் கொஞ்சத்தைப் பெயரிட்டுச் சொல்லும் தாள் ஒன்று கையில் கிடைக்கிறது.

இத்தகைய ஏணி தமிழ்நாட்டுக்குப் புதிதா? இல்லை. 1918இல் தோன்றிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் தேர்வுகளை நினைத்துப் பாருங்கள். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா என்று படிப்படியாக மேலேறும் வரிசை. இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய இதே மாநிலத்தின் சிற்றூர்களில், யாரும் கட்டாயப்படுத்தாமலே, பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் எழுதிய தேர்வுகள் அவை. தட்டச்சுக்கும் அப்படியே லோயர், ஹையர் என்ற படிகள் உண்டு. லோயர் மட்டும் முடித்தவரை யாரும் ஹையர் ஃபெயில் என்று அழைப்பதில்லை. இந்திக்கும் தட்டச்சுக்கும் கிடைத்த ஏணி, நம் பிள்ளைகள் எல்லாரும் கட்டாயம் படிக்கும் ஆங்கிலத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. காரணம் வெளிப்படை. இந்தி, தட்டச்சுத் தேர்வுகள் கற்க வந்தவரை இழுத்துப்பிடிக்க ஏற்பட்டவை. ஆங்கிலத் தேர்வோ, மிகுதியாய் வந்தவரைக் குறைப்பதற்கு ஏற்பட்டது.

*

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019இல் தமிழக அரசு ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளையின் ஆங்கிலத்தைப் பொதுத்தேர்வு வைத்துச் சோதிப்பதா என்று பெற்றோரும் ஆசிரியரும் கல்வியாளரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவண் அரசு இவ்விரு வகுப்புகளிலும் தேறாதோரை நிறுத்திவைக்க இடமளித்து விதியைத் திருத்தியபோது, தமிழகம் அதைப் பின்பற்றப்போவதில்லை என்று அறிவித்தது. இந்த எதிர்ப்பை மென்மையான உணர்ச்சி என்று சிலர் எள்ளினார்கள். இக்கரையின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எள்ளமாட்டார். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு ‘ஃபெயில்’ என்ற சொல் ஓராண்டு தாமதத்தை மட்டும் குறிக்கவில்லை. பனையடிக்கோ, படகுக்கோ, பெண்பிள்ளையானால் அடுப்படிக்கோ திரும்பிப் போகும் வழியைக் குறித்தது.

அதேவேளை, தேர்வே வேண்டாம் என்பதும் விடையாகாது. அளக்காமல் விட்ட பிள்ளை எட்டாம் வகுப்பு வரை ஏறிவந்து ஒரு வாக்கியம் வாசிக்கத் திணறும்போது, அவனுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது தெரியவருகிறது. அதுவும் ஒருவகை வஞ்சனையே. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் கிராமப்புறக் கல்வி ஆய்வில், சில ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பையும் சோதித்திருக்கிறார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்பதே அதன் வரிசை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் பெயர் பதிவாகும். இங்கே ஃபெயில் என்ற கட்டமே இல்லை.

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டத் தமிழகத்தில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இதே எண்ணத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. முதல் மூன்று வகுப்புகளுக்கு முதலில் வந்தது. பின்பு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளையின் நிலையைக் கண்டறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று வகைப்படுத்தி, அந்தந்த நிலைக்கேற்பக் கற்பிப்பது அதன் அடிப்படை. செயற்பாட்டில் குறைகள் உண்டு. பதிவேட்டு வேலை மிகுதி என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெயர்களை ஒருமுறை கவனியுங்கள். அரும்பு என்பது தவறிப்போன மலர் அல்ல.

உடன்குடியின் ஓர் ஆரம்பப் பள்ளியில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையையும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்பெக்டரின் எதிரே நடுங்கி நின்ற பிள்ளையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருவரிடமும் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: இந்தச் சொல்லை வாசி. வாசிக்க முடியாமற்போனால் அடுத்து என்ன நடக்கும் என்பதில்தான் வேறுபாடு. அன்று வாத்தியாரின் கூலி குறைந்தது. பின்பொரு காலத்தில் பிள்ளையின் படிப்பு நின்றது. இன்று, குறைந்தபட்சம் காகிதத்தில், அடுத்த பாடம் தொடங்குகிறது. 1911இன் நல்லெண்ணம் எப்படி ஒரே தலைமுறைக்குள் எலிஜிபிள் பட்டியலாகச் சுருங்கியது என்பதை நாம் பார்த்தோம். இந்த ஏணியையும் யாரேனும் வாசலாக்க முயலும் நாள் வரக்கூடும். மலர் என்று எழுதியிருந்தால்தான் சேர்ப்போம் என்று ஒரு பள்ளி சொல்லத் தொடங்கும் நாள் அதுவாக இருக்கும். அன்று அதைக் கண்டுகொள்வதற்காவது இந்தப் பழங்கதை நமக்கு நினைவிருக்கவேண்டும்.